டையிங்கில் லேட் என்று சொல்லாத நாள்

பூட்டிய பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்காமல் நான் எந்த வாசலையும் விட்டு நகர்ந்ததில்லை. பேக்கிங் செக்‌ஷனில் இதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. "அண்ணாச்சி, பூட்டு கையோட வந்துரப் போகுது, விட்டுருங்க" என்பார்கள். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுச் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவன் நான். எதற்கெடுத்தாலும் பயம்தான்.

ஆனால் திருப்பூர்ப் பக்கம் முதலிபாளையத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் முக்கியமான சரக்கு எங்கள் கட்டடத்திலேயே இல்லை என்பது போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் டிசைன், பீஸுக்கு நாங்கள் சொன்ன விலை, பேங்க் விவரம், இத்தனை காலம் எழுதிய மெயில், எல்லாம் கோயம்புத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் இருந்தன. குடோன் பிடிப்பது மாதிரி அங்கே வாடகைக்கு இடம் பிடித்திருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் ஸ்டிக்கர் பிரின்டரில் வரவில்லை. கேட்கலாம் என்று ஆபீஸ் ரூமுக்குப் போனேன். மேடம் அப்போதுதான் போனை வைத்தார். மேடம் என்றால் முதலாளியின் மருமகள். இன்ஜினியரிங் படித்தவர். அவர் வந்ததிலிருந்து பையர்களோடு பேசுவதெல்லாம் அவர்தான்.

"மாமா, டேட்டா சென்டருக்குள்ள எவனோ பூந்துட்டானாமுங்க. நெறையக் கம்பெனியுது போயிருக்குது. நம்முளுது சுலபமாத் தொறந்துருச்சாம்."

"பாஸ்வேர்டு இருந்துதே அம்மிணி?" என்றார் முதலாளி.

"கொலதெய்வத்துப் பேருதானுங்களே வெச்சிருந்தீங்க."

"சாமி பேர வெச்சா சாமி பாத்துக்கும்னு வெச்சேன்."

"கம்பெனி போர்டுலயும் அதே பேருதானுங்க மாமா இருக்குது. தீபாவளிக்கு ஊரு பூராக் குடுத்த காலண்டர்லயும் அதேதான்."

போனது டென்மார்க் பையரின் டிசைன். அடுத்த கோடைக்கான குழந்தைகள் உடுப்பு, இன்னும் எந்தக் கடையையும் எட்டாதது. எங்கள் கம்பெனி ஓடுவதே அந்த ஒரு பையரால். அவர்கள் கையை உதறினால் தையல் லைனில் பாதி மெஷினுக்கு மேல் உறை போட்டு மூடிவிட வேண்டியதுதான். என் மகளின் நர்சிங் படிப்பு வரைக்கும் மனசு ஓடிப்போய் நின்றது.

முதலாளி ரொம்ப யோசிக்கவில்லை. "டையிங்ல லேட்டுன்னு ஒரு மெயில் போட்டு உட்ரு கண்ணு. அப்பறம் பாத்துக்கலாம்."

திருப்பூரில் இது ஒரு பழக்கம். நிட்டிங்கில் தப்பு வந்திருக்கும், டெய்லர்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருப்பார்கள், எதுவானாலும் பையருக்குப் போகிற காரணம் டையிங்கில், அதாவது சாயப் பட்டறையில், லேட் என்பதுதான். டையிங்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் பழியைப் பாய்லர் மேல் போடுவார்கள்.

மேடம் மறுத்துத் தலையாட்டினார். "அவுங்க பொருள நம்மூட்டுல வெச்சுக் களவு குடுத்துட்டமுங்க மாமா. சொல்லாம இருக்க முடியுமுங்களா?"

"சொன்னா ஆர்டர் போயிருமே!"

"போகலாமுங்க. அவுங்களாக் கண்டுபுடிச்சா பேரும் சேந்து போயிரும். அப்பறம் எந்தப் பையருங்க நம்முளுக்கு டிசைன் அனுப்புவாங்க?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஒரு நாள் பொறுத்துப் பாக்கலாமே மேடம்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்ணா, நீங்க பூட்ட இழுத்துப் பாக்கறப்ப அது தொறந்து கெடந்தா, சத்தமில்லாம ஊட்டுக்குப் போயிருவீங்களா?"

மத்தியானம், டென்மார்க் ஆபீஸ் திறக்கும் நேரம் பார்த்து, எங்கள் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். அந்தப் பக்கம் ஒரு அம்மா. அவர் எடுத்தவுடன் சொன்ன ஒரே வார்த்தை எனக்கும் புரிந்தது. "டையிங்?" முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டையிங் இல்லை என்று சொல்லிவிட்டு மேடம் நடந்ததை வரிசையாகச் சொன்னார். குரல் நடுங்கவே இல்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார். கடைசியாகச் சொன்னதைப் பிறகு எங்களுக்குத் தமிழில் விளக்கினார். "இனிமேல் டையிங்கில் லேட் என்ற காரணம் எங்களிடமிருந்து வராது. பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று எந்த மெயில் வந்தாலும் என் குரலைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்."

கலந்து பேசிச் சொல்கிறோம், அதுவரை புது ஆர்டர் நிற்கட்டும் என்றார் அந்த அம்மா.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மேடமோ பிரின்டிங், எம்ப்ராய்டரி என்று எங்களுக்கு வேலை செய்து தரும் யூனிட் ஒவ்வொன்றுக்கும் தானே போன் போட்டார். அத்தனை பேரும் அதே சாமி பேரைப் பாஸ்வேர்டாகப் போட்டுத்தான் எங்கள் டேட்டாவுக்குள் வந்துபோய்க் கொண்டிருந்தார்கள். பிரின்டிங்காரர் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். "கத்துங்க, கத்தீட்டு மாத்தீருங்க" என்றார் மேடம், சிரிக்காமல்.

பிறகு டென்மார்க்கிலிருந்து மெயில் வந்தது. எங்கள் பெயரில் அவர்களுக்குப் போயிருந்த ஒரு மெயிலைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மேடம் எங்களுக்குப் படித்துக் காட்டினார். எங்கள் லெட்டர்ஹெட், எங்கள் முத்திரை. "டையிங்கில் லேட் ஆனதற்கு வருந்துகிறோம். எங்கள் பேங்க் கணக்கு மாறியிருக்கிறது. இனி பணத்தை இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்பவும்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எழுதறாப்பலயே இருக்குதே அம்மிணி."

"உங்க மெயில் பூராவும் படிச்சிருக்கானுங்க மாமா."

"திருட்டுப் பய, என்னையவிட நல்லா எழுதியிருக்கானே!"

அதற்குக் கீழே அந்த அம்மா தன் பங்குக்கு எழுதியிருந்தார். "டையிங் என்ற வார்த்தையைப் பார்த்ததுமே இது நீங்கள் இல்லை என்று தெரிந்துவிட்டது. பணம் அனுப்பவில்லை. வெளியே போன டிசைன்களைக் கைவிடுகிறோம். அதற்குப் பதில் புதிதாக வரைந்து அனுப்புகிறோம், உங்களுக்கே." எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டிக்கர் ரோலை எடுக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

அந்தப் புது ஆர்டரில்தான் வினை. துணி டையிங்கில் நிஜமாகவே லேட்டானது. பாய்லர் நிஜமாகவே நின்றுவிட்டது. மேடம் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு டையிங் யூனிட்டுக்கே போனார். வீடியோ காலில் அந்த அம்மாவைக் கூப்பிட்டுப் போனை என் கையில் கொடுத்தார். சாயம் ஏறாமல் கிடந்த துணி உருளைகளையும், பிரித்துப் போட்டிருந்த பாய்லரையும் நான் காட்டிக்கொண்டே நடந்தேன். பாய்லருக்கு அடியிலிருந்து கரி அப்பிய முகத்தோடு மெக்கானிக் எட்டிப்பார்த்துக் கையசைத்ததும் அந்த அம்மா சிரித்துவிட்டார்.

டையிங்காரருக்குத்தான் மனசு ஆறவில்லை. "இத்தன வருசம் உங்க தப்பையெல்லாம் எந்தலைல போட்டீங்க, ஒரு பையரும் வாயத் தொறக்கல. இன்னைக்கு நெசமா லேட்டானா படம் புடிச்சுக் காட்டோணுமாக்கும்?"

"ஆமாங்ணா" என்றார் மேடம். "பாய்லர் பக்கத்துல நீங்களும் ஒருக்கா நில்லுங்க."