கன்னி மூலையில் வாசல் வைத்தவள்

சின்னசேலத்தில் மகள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. "அத்த போயிடுச்சும்மா" என்றான் என் மகன். கட்டு முழுவதையும் ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பஸ் பிடித்து ஊர் வருவதற்குள் என் நாத்தனார் பச்சையம்மாளைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள்.

காரியத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவள் நல்லவள் என்று தெரியும். நல்லவள்தான். ஆனால் என் வீட்டுக்காரருக்குக் காரியம் முடிந்த ஈரம் காயுமுன், தன் பங்கு நிலத்தில் நின்ற இலுப்பை மரத்தை விற்றவளும் அவள்தான். ஏரிக்கரை மரம். அதன் பொந்தில் வருஷா வருஷம் சிறகி வாத்து முட்டை வைக்கும். அந்தியில் அது சீழ்க்கையடித்துக்கொண்டு வருவதைப் பார்க்க நானும் என் வீட்டுக்காரரும் கரையில் உட்காருவோம். மரம் விழுந்த அன்று போய்க் கேட்டேன்.

"எம்பங்கு மரம் அண்ணி. உன்ன இன்னாத்துக்குக் கேக்கணும்?" என்றாள்.

பேச்சை நிறுத்தினேன். சமாதானம் சொல்ல வந்தவர்களிடம், "அந்த வாத்து திரும்பி வந்து குஞ்சு பொரிக்கட்டும், பேசறேன்" என்றேன். வராது என்ற தைரியத்தில் சொன்னது. அவள் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சி பழக்கடையிலிருந்து பலகைப் பெட்டி வாங்கி வந்தாள். அறுத்து, ஆணியடித்து, வாத்து நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே வைக்கோல் பரப்பி, கரையோரப் பனையில் ஏணி வைத்துக் கட்டினாள். மனுஷர் வீட்டுக்கு வைப்பது போல வாசலைக் கிழக்குப் பார்த்து வைத்தாள். மஞ்சள் குங்குமம் இட்டுக் கற்பூரமும் காட்டினாள். அந்த ஐப்பசியில் ஒரு ஜோடி வந்தது. பின்னாலேயே அடைமழை வந்தது. கிழக்கிலிருந்து சாய்ந்தடித்த சாரல் நேரே வாசலுக்குள் போனது. முட்டைகள் ஊறிக் கிடந்தன, வாத்து போய்விட்டது. ஏணியிலேயே நின்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன். அவளோடு பேசக் கூடாதே. ஆட்டிடம் சொன்னேன்: "வூடு கட்டற மகராசி மழ எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்க மாட்டாளா? பெட்டியப் பனைக்கு அந்தாண்ட திருப்பினா இன்னா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே ஆட்டிடம் கேட்டாள்: "கன்னி மூலையில வாசலா? குடி வெளங்குமா?"

"வாத்து இன்னா ஜோசியம் பாத்துக்கினா குடி வருது?"

சாஸ்திரத்தை விட்டு ஓர் அடி நகராதவள், பெட்டியை அவிழ்த்துப் பனைக்கு அந்தப் பக்கம், தென்மேற்கான கன்னி மூலையைப் பார்க்கத் திருப்பிக் கட்டினாள். திருஷ்டிக்கு ஒரு எலுமிச்சம்பழத்தையும் கட்டித் தொங்கவிட்டாள்.

அடுத்த வருஷம் கல்வராயன் மலையில் பெய்த மழைக்கு ஏரி தளும்பியது. ஜோடி மறுபடி வந்தது. சாரலெல்லாம் பனையின் முதுகில் அடித்தது, பெட்டிக்குள் ஈரமில்லை. ஒரு காலையில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் குதித்ததை இரண்டு பேரும் தனித்தனியே நின்று பார்த்தோம். பிறகு என் வாசலுக்கு வந்தாள். கட்டியிருந்த ஆட்டைத் தடவியபடி, "உங்க ஆயா இனிமேலாவது பேசுமான்னு கேளுடா" என்றாள்.

"என்னியே கேளேன் பச்சையம்மா. ஆடு இன்னா வக்கீலா?"

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மரத்த வித்தது தப்புதான் அண்ணி."

"தப்புதான். சாவற வரிக்கும் மறக்க மாட்டேன். உள்ள வா, காப்பி போடறேன்."

அதன்பின் நான் மரத்தைப் பற்றி எடுக்கும்போதெல்லாம் அவள் சொல்வது ஒன்றுதான்: "கோவத்த வெச்சிக்க அண்ணி. பேச்ச மட்டும் நிறுத்தாத."

வருஷா வருஷம் மழைக்கு முன் பெட்டிக்கு வைக்கோல் மாற்றுவோம். அவள் ஏறுவாள், நான் ஏணியைப் பிடிப்பேன். இந்த வருஷம் மகனை ஏறச் சொல்லி மாற்றிவிட்டேன். அவளுடைய சுத்தியல் என்னிடம் இருக்கிறது, யார் கேட்டாலும் தர மாட்டேன். மரத்தை விற்ற கோபமும் இருக்கிறது. அதை வைத்துக்கொள்ள அவளே சொல்லியிருக்கிறாள். பேச்சைத்தான் இந்த முறை அவள் நிறுத்திவிட்டாள்.