ஒரு வரியில் எழுதிய விளக்கம்

அந்த மருத்துவமனையில் அவளை எல்லாரும் 'பதிவக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத பதிவறையில், பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவள். "போன மழைக்காலத்துல காலு உடைஞ்சு வந்தாரே, அவரு சீட்டு வேணும்" என்று மொட்டையாகக் கேட்டால்கூடக் கால் மணி நேரத்தில் கோப்பைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள்.

கோப்புகளெல்லாம் கணினிக்குள் போனபிறகு, விசாரணை மேஜையில் ஒரு ஏஐ உதவியாளரை வைத்தார்கள். கேள்வியைத் தட்டினால் அதுவே பதிவுகளைத் தேடிப் பதில் சொல்லும். தேடுவதற்கு அதனிடம் பதினான்கு கருவிகள். எந்தக் கருவி எதற்கு என்று விளக்கம் எழுதும் வேலை பதிவக்காவின் தலையில் விழுந்தது.

"நீங்க எழுதுறதைப் படிச்சுத்தான் எதை எடுக்கணும்னு அது முடிவு பண்ணும்க்கா. நமக்குத் தெரிஞ்சது எதுவும் அதுக்குத் தெரியாது. விவரமா எழுதுங்க" என்றார் கணினிக்காரர்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்றார் மேலாளர்.

பதிவறையிலிருந்து பழைய கோப்புகளைக் காலி செய்கிற வேலையும் அதே வாரம்தான். தூசியும் தும்மலுமாக, கருவிக்கு ஒரு வரி என்று எழுதித் தள்ளினாள். ஒன்றுக்கு 'நோயாளியைத் தேடும்'. இன்னொன்றுக்கு 'நோயாளி விவரம் தேடும்'. முதலாவது, பெயர் சொல்லிச் சேர்ந்தவர்களை மட்டும் தேடும். இரண்டாவது, நினைவில்லாமல் பெயர் தெரியாமல் வந்தவர்களை வயது, தழும்பு, உடுப்பு வைத்துத் தேடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வித்தியாசத்தைச் சொல்லுவாள். அவ்வளவு பழகிய விஷயம் என்பதாலேயே எழுதத் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு தையற்காரி பதிவறைக்குப் படியிறங்கி வந்தாள். தோளில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கையில் காவல் நிலையக் கடிதம். இறந்துபோன அண்ணனின் பதிவுகளுக்காக வந்திருந்தாள்.

"அண்ணன் காணாமப் போன ரெண்டாம் நாளே வந்து கேட்டேன். அப்படி யாரும் இங்க இல்லைன்னு மேஜையில சொன்னாங்க. இப்ப இங்கதான் செத்தாருன்னு சொல்றாங்க. அது எப்படிங்க?"

பதிவக்கா அன்றைய தேடலைத் திரையில் திறந்தாள். உதவியாளர் முதல் கருவியில் பெயரைப் போட்டுத் தேடியிருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவதைத் தொடவே இல்லை. 'இவர் இந்த மருத்துவமனையில் இல்லை' என்று பதில் சொல்லி முடித்திருந்தது. கருவிகளின் பக்கத்தில் அவள் எழுதிய இரண்டு வரிகள். எதை எடுப்பதென்று அவற்றைப் படித்து யாரால் சொல்ல முடியும்?

மேலாளரிடம் ஓடினாள். அவர் கதவைச் சாத்தினார்.

"மெஷின் கோளாறுன்னு சொல்லி அனுப்பிடுங்க. உங்க பேரு எங்கயும் வராது."

திரும்பி வந்து தையற்காரியின் எதிரே உட்கார்ந்தாள்.

"மெஷின் மேல தப்பில்லைம்மா. அதுக்கு எழுதிக் கொடுத்தது நான். சரியா எழுதலை."

தையற்காரி அவளையே பார்த்தாள். "நான் வந்தப்ப உயிரோட இருந்தாரா?"

"இருந்தாரு. ஏழு நாள் இருந்தாரு. மேல, ரெண்டாவது மாடியில."

நர்ஸ் எழுதிய குறிப்புகளைக் கேட்டு வாங்கித் தையற்காரி விரல் வைத்துப் படித்தாள். நான்காம் நாள்: 'லேசாக நினைவு திரும்பியது. பாப்பா, பாப்பா என்கிறார். குழந்தையைத் தேடுகிறார் போலும். வீட்டார் யாரும் வரவில்லை.'

"அவருக்குக் குழந்தையே இல்லைங்க," என்றாள் தையற்காரி. "என்னைத்தான் பாப்பான்னு கூப்பிடுவாரு. அம்பது வயசாச்சு எனக்கு. இன்னும் பாப்பாதான்."

அவள் திட்டவில்லை, அழவுமில்லை. காகிதங்களை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியேறிப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பதிவக்காவுக்கு.

மறுநாள் காலையிலிருந்து பதினான்கு விளக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். முதல் கருவிக்கு இப்படி எழுதினாள்: 'பெயர் பதிவான நோயாளிகளை மட்டும் தேடும். ஒன்றும் கிடைக்காவிட்டால் அவர் இங்கே இல்லை என்று பொருள் அல்ல. அப்படிச் சொல்லவும் கூடாது. வயது, அடையாளம், காணாமல் போன நாள் கேட்டு, பெயர் தெரியாதவர்களைத் தேடும் கருவியைக் கட்டாயம் பயன்படுத்தவும்.' கணினிக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய கேள்விகளைப் போட்டுப் பார்த்தாள். தையற்காரியின் கேள்வியைப் போட்டதும் வயதும் அடையாளமும் கேட்டது. சொன்னதும் நொடியில் வந்தது: அடையாளம் தெரியாத ஆண், சுமார் ஐம்பத்தைந்து, இடது புருவத்தில் தழும்பு, படுக்கை பதினேழு.

கணினிக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

தன் தவறைக் கைப்பட எழுதி, மருத்துவமனையில் புகார்களை விசாரிக்கும் குழுவிடம் கொடுத்தாள். மேலாளர் அதன்பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த மாதமே அவளைத் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். போர்வைகளை எண்ணி வார்டுகளுக்கு அனுப்புகிற வேலை.

அண்ணனின் பதிவுகளில் தையற்காரி கேட்டிருந்த மீதிப் பக்கங்கள் ஒரு நாள் தயாராயின. தபாலில் போடவிருந்ததை வாங்கிக்கொண்டு, மத்தியான இடைவேளையில் பதிவக்காவே கடையைத் தேடிப் போனாள். தையற்காரி உறையை வாங்கினாள், கையெழுத்துப் போட்டாள். உட்காரச் சொல்லவில்லை. பதிவக்கா வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே தையல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.