பச்சையம்மாள் உட்கார்ந்த சீட்டு

பச்சையம்மாள் என் கொழுந்தன் பெண்டாட்டி. எனக்கு ஐந்து வருடம் கழித்து அந்த வீட்டுக்கு வந்தவள். வந்த மாதமே மாமியார் அவள் வைத்த குழம்பைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். திருவண்ணாமலை மல்லாட்டைக் கிடங்கில் நான் ஒரு மூட்டை கடலை உடைப்பதற்குள் அவள் ஒன்றரை மூட்டை உடைப்பாள். அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் காலனியிலிருந்துதான் காலை பஸ் கிளம்பும். கிளம்பும்போது பஸ் காலி. ஆனாலும் நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அடுத்த நிறுத்தத்தில் ஊர்க்காரர்கள் ஏறுவார்கள். எப்படியும் எழுந்திருக்க வேண்டும், திட்டு வேறு விழும். காலி சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே நிற்பது பழகிப்போயிருந்தது. ஒரு நாள் உட்காரத்தான் போகிறேன் என்று கிடங்கில் நூறு தடவை சொன்னவள் நான்.

எழுபத்து நாலு ஆடியில் ஒரு திங்கட்கிழமை, மற்றவர்கள் நடவுக்குப் போய்விட, காலனியிலிருந்து ஏறியது நாங்கள் இரண்டு பேர்தான். பச்சையம்மாள் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"நீயும் வந்து உக்காருக்கா" என்று பக்கத்து சீட்டைத் தட்டினாள்.

நான் கம்பியை விடவில்லை. பயம்தான். அதைவிட, நான் பேசியதை இவள் செய்துவிட்டாளே என்ற ஆத்திரம்.

ஊர் நிறுத்தத்தில் ஏறிய பண்ணைக்காரர் அப்பாதுரை, "ஏய், ஏந்திரு" என்றார்.

"நானும் டிக்கெட்டு வாங்கிருக்கேங்க. நிக்கறவங்களுக்கு கம்மி, உக்கார்றவங்களுக்கு ஜாஸ்தின்னா சொல்லுங்க, ஏந்திரிக்கறேன்."

டிரைவர் இஞ்சினை நிறுத்தினார். முக்கால் மணி நேரம் ஆளாளுக்குக் கத்தினார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் பஸ்ஸைத் திருப்பி எங்கள் இரண்டு பேரையும் காலனியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து பஸ் காலனிக்கு வரவே இல்லை.

மூன்று மாதம் மெயின் ரோடு வரை நடந்தோம். காலனியே அவளைத் திட்டியது. நானும் திட்டினேன். மனசுக்குள் இனித்தது.

பிறகு மனுப் போட்டோம். தாசில்தார் விசாரணைக்கு வந்தார். அவள் கெட்ட வார்த்தை பேசினாள் என்றார்கள் பஸ்காரர்கள். பார்த்தவர் யார் என்று கேட்டார். நான் முன்னால் போனேன்.

"அவ ஒண்ணும் தப்பாப் பேசலீங்க. டிக்கெட்டதான் காட்டினா."

அதுவரை உண்மை. பெயரெல்லாம் அவளுக்கே போகப்போகிறதே என்று நினைத்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

பஸ்காரர்கள் மறுக்கவில்லை. எங்களில் யார் யார் என்று முகம் பார்த்தவர்களா அவர்கள்? தாசில்தார் பச்சையம்மாள் பக்கம் திரும்பினார். அவள் இல்லை என்று தலையாட்டியிருந்தால் என் மானம் அங்கேயே போயிருக்கும்.

"ஆமாங்க. அக்காதான் மொதல்ல உக்காந்தாங்க. அவங்கள பாத்துதான் நானும் உக்காந்தேன்" என்றாள்.

பஸ் திரும்ப வந்தது. எல்லோரும் உட்கார்ந்தே போனோம். காலனியில் என் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள். அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

எண்பத்தாறில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். சாவு வீட்டில் யாரோ என்னைக் காட்டி, பஸ்ஸில் முதலில் உட்கார்ந்தவள் என்றார்கள். என்னால் தாங்க முடியவில்லை.

"நான் உக்காரல. நின்னுக்கினு இருந்தேன். அவ ஒருத்திதான் உக்காந்தா" என்று கத்தினேன்.

ஒருவரும் நம்பவில்லை. துக்கத்தில் பேசுகிறாள் என்றார்கள். பச்சையம்மாளே தாசில்தாரிடம் சொன்னதாயிற்றே, அவள் பொய் சொல்வாளா என்றார்கள்.

செத்த பிறகும் அவள் பேச்சுதான் எடுபட்டது.