ஓட்டை போட்ட செப்புக்காசு

மலேசியாவின் கிள்ளானில் மழை விடவில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே, கடை வராந்தாவில் ஒரு பெண் மேசை போட்டுப் பழைய நாணயங்கள் விற்கிறார். சதுரமான செப்புக்காசு ஒன்றை எடுத்துப் பார்க்கிறேன். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. ஓரத்தில் ஆணியால் போட்ட ஓட்டை.

“ஓட்டையப் பாத்துட்டு யாரும் வாங்க மாட்றாங்க, அண்ணே.”

“யார் போட்டது, அக்கா?”

“எங்க தாத்தா. ஜப்பான்காரன் சயாம்ல ரயில் போட ஆள் புடிச்சான்ல, அப்ப லோரி ஏறுறதுக்கு முன்னாடி ஓட்டை போட்டு, எங்கப்பா அரணாக்கொடியில கட்டி விட்டாராம். அப்பா அப்ப கைக்குழந்தை. தாத்தா திரும்பி வரவே இல்ல.”

அவருடைய அப்பா சாகும்வரை அதை இடுப்பிலேயே கட்டியிருந்தாராம். போன மாதம் சுடுகாட்டில்தான் அறுத்தெடுத்தார்களாம். வீட்டில் இருந்தால் அம்மா அதையே கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்துவிடுகிறாராம்.

நான் வாங்கிக்கொள்கிறேன் என்கிறேன். ஊர் சென்னை என்றும் சொல்கிறேன். அவர் காசைக் காகிதத்தில் சுற்றுகிறார், பிரித்துப் பார்க்கிறார், மறுபடி சுற்றி என் கையில் வைத்து அழுத்துகிறார்.

“இந்தியாவுக்கே கொண்டு போயிருங்கண்ணே. இந்த ஊர்ல யார்கிட்ட இருந்தாலும், நான் போய்த் திருப்பிக் கேட்டுருவேன் லா.”