செங்கம்மாளின் கைகள்

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே, கார்களைச் சுவரில் மோதவிட்டுச் சோதிக்கும் கூடத்தில் செங்கம்மாளுக்குத் துப்புரவு வேலை. மோதி முடிந்ததும் கண்ணாடித் தூளைக் கூட்டி அள்ள வேண்டும். புது வண்டியைச் செய்து, அதைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டுகிறார்களே என்று முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் கல்பாக்கத்தில் ஒரு கல்யாணம். கணவன் ஞானதாஸ் நண்பனின் காரை இரவல் வாங்கி ஓட்டினான். பக்கத்தில் செங்கம்மாள், அவள் மடியில் ஒரு வயது ஜாய்ஸ். தாலி கட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று ஞானதாஸ் மிதி மிதியென்று மிதித்தான். மாமல்லபுரம் தாண்டி, நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினான். பெல்ட் போட்டிருந்த இரண்டு பேரும் பிழைத்தார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

“கெட்டியா புடிச்சிகினு இருந்திருக்கக் கூடாதா?” ஆஸ்பத்திரியில் ஞானதாஸ் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. ஊருக்கென்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறது? நாத்தனார் பொன்னி தன் பிள்ளையைச் செங்கம்மாள் கையில் கொடுப்பதையே விட்டுவிட்டாள். செங்கம்மாளும் கேட்கவில்லை. சோறு பிசையும்போது அந்தக் கைகளைப் பார்த்தாலே அவளுக்கு வெறுப்பாக இருக்கும். ஞானதாஸ் அதன்பிறகு எந்த வண்டியையும் ஓட்டவில்லை, மூட்டை தூக்கப் போனான். புள்ள மேல அவ்வளவு பாசம் என்று ஊர் அவனுக்காக உச்சுக்கொட்டியது.

போன வாரம் கூடத்தில் ஒரு புதுச் சோதனை. காரின் முன்சீட்டில் ஆளுயரப் பொம்மை, அதன் மடியில் குழந்தை பொம்மை. பெரியதின் கைகளைச் சின்னதைச் சுற்றி டேப் போட்டு இறுக்கியிருந்தார்கள். கார் சுவரில் மோதியது. டேப் அறுந்து, குழந்தை பொம்மை கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது.

செங்கம்மாள் துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். “அவ்ளோ இறுக்கிக் கட்டியும் ஏன் சார் பிச்சிகினு போச்சு?”

“வண்டி நின்னுடுச்சுக்கா. குழந்தை நிக்கலை. வந்த வேகத்துலயே போகத்தான் பார்க்கும்” என்றான் பொறியாளர் ஹேமந்த். “பத்து கிலோ குழந்தை அந்த நொடியில இருநூறு கிலோவுக்கு மேல இழுக்கும். எந்த அம்மாவாலயும் புடிக்க முடியாது.”

“மெதுவா வந்திருந்தா?”

“பாதி வேகம்னா இழுப்பு கால்வாசிதான் இருக்கும். எல்லாமே வேகம்தான்க்கா.”

அவள் கூட்டி முடித்தாள். ஒரு சில்லுகூட விடாமல் அள்ளினாள். பஸ்ஸில் வரும்போது இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாவம், அவை ஒரு தப்பும் செய்யவில்லை.

வீட்டில் ஞானதாஸ் அரிசி களைந்துகொண்டிருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“யோவ், எவ்ளோ கெட்டியா புடிச்சிருந்தாலும் புள்ள நின்னிருக்காதாம். என் கை மேல தப்பு இல்லியாம்.”

அவன் திரும்பவில்லை. களைந்த தண்ணீரைக் கொட்டினான்.

“தெரியும்” என்றான். “அன்னிக்கே தெரியும்.”

திட்டுவதற்கு அவளிடம் எத்தனையோ இருந்தன. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஜாய்ஸின் பெயரைச் சொல்லி அழுதாள். நான்கு வருடமாகத் தன் கைகளை நினைத்தே அழுதவள், அன்றுதான் குழந்தைக்காக அழுதாள்.