சாம்பல் மண்ணில் நட்ட முகூர்த்தக்கால்

போன வாரம் மருமகள் ஒரு பை மண் வாங்கி வந்தாள். விலை கொடுத்து மண் வாங்கும் ஊரில் இருக்கிறேன் என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னால் இன்னும் சிரிக்கிறார்கள். கறிவேப்பிலைச் செடிக்குத் தொட்டி மாற்ற வேண்டுமாம். பையைப் பிரித்துக் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். கறுப்பு மண்ணுக்குள் இருந்த வெள்ளைக் கற்கள் மேலே மிதந்து வந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பொரி மாதிரி கனமே இல்லை. கல்லென்று பெயர், தண்ணீரில் மிதக்கிறது. மண்ணை முகர்ந்தேன். அணைத்த அடுப்பில் தண்ணீர் தெளித்தால் ஒரு வாசனை வருமே, அது. உடனே எனக்கு என் சம்பந்தியம்மாள் ராஜேஸ்வரியின் இடது கால் ஞாபகம் வந்துவிட்டது.

மருமகளின் அம்மாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். மருமகளுக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். வாசிக்கட்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு மாட்டுக்குப் புல்லறுக்க அனுப்பப்பட்டவள். எழுத்து ஒவ்வொன்றாக யோசித்துத்தான் வரும். அதனாலென்ன, எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்த விஷயமும் ஆறிப்போகிற விஷயம் இல்லை.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. என் ஒரே மகன் குமார் சான்டா கிளாராவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். பெண்ணையும் அங்கேயே பார்த்துக்கொண்டான். நித்யா. கோயமுத்தூரிலிருந்து போய் அங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பம். குமாரின் அப்பா போனபோது அவனுக்குப் பால்பல் விழவில்லை. அவனை மஞ்சள் காட்டில் நின்று வளர்த்தவள் நான். கல்யாணத்துக்கென்று கோபியில் ஆசாரி எதிரில் நாள் முழுக்க உட்கார்ந்து தாலி செய்வித்தேன். பெட்டியில் வைக்க மனசு வரவில்லை. சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு விமானம் ஏறினேன். இந்த ஊர் ஏர்போர்ட்டில் மிஷின் கத்தியது. காக்கிச்சட்டைக்காரி ஒருத்தி பையைப் பிரித்து, தாலியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "வெட்டிங்?" என்றாள். "வெட்டிங்" என்றேன். அமெரிக்காவில் நான் பேசிய முதல் இங்கிலீஷ் அதுதான். இன்றுவரை அதை விட நல்ல இங்கிலீஷ் நான் பேசியதில்லை.

எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அந்தத் தாலியை என் கையால் எடுத்து என் மகன் கையில் கொடுக்க வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ராஜேஸ்வரி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். செருப்பு போட்டு நடக்கவே கூசும் கம்பளம். காபியை டம்ளரில் தராமல் காதுவைத்த குவளையில் தந்தாள். அதையும் பாதிதான் ஊற்றியிருந்தாள். பிறகு என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"சம்பந்திம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் ரொம்ப பிராட் மைண்டட். ஆனா ஃபோட்டோ, வீடியோ எல்லாம் எடுப்பாங்க. முகூர்த்தக்கால் நடறது, தாலித் தட்டு எடுத்துத் தர்றது எல்லாம் சுமங்கலிங்க பண்ணிடட்டும். எங்க நாத்தனார் நியூ ஜெர்சிலேர்ந்து வர்றாங்க, அவங்க பாத்துக்குவாங்க. நீங்க ஓரமா கம்ஃபர்ட்டபிளா உக்காந்துக்கங்க, என்ன?"

நான் குமாரைப் பார்த்தேன். அவன் கம்பளத்தைப் பார்த்தான்.

"அம்மா, ஒரு நாள்தானே. அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா."

சுருக்குப் பையை அவிழ்த்துத் தாலியைக் கொடுத்துவிட்டேன். "சரிங்க சம்பந்தி" என்றேன். என் வாய்தான் அதைச் சொன்னது. அன்று ராத்திரி அந்த ராஜேஸ்வரிக்கு என்னென்ன நேர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

கல்யாணம் கோயிலில் இல்லை, ஹாலிலும் இல்லை. வடக்கே பல மணி நேரம் கார் போகும் தூரத்தில், பனி போர்த்திய ஒரு மலையடியில். புல்வெளி, பின்னால் மலை, அதற்கு முன்னால் மகள் மணக்கோலத்தில் நிற்பது போல ஒரு படம் ராஜேஸ்வரியின் மனசில் விழுந்துவிட்டது. அந்த மலை ஒரு காலத்தில் எரிமலையாம். ஃப்ரீவேயை விட்டு இறங்கிக் காட்டுக்குள் ஏறஏற, ஆனி மாதத்தில் என் பல் தந்தியடித்தது. அங்கே மரத்தாலான ஒரு விடுதி. அதை நடத்தியவள் என் வயதுக்காரி ஒரு வெள்ளைக்காரி. விடுதியை ஒட்டிச் சரளைக்கல் கொட்டிய இடம் ஒன்று இருந்தது. அங்கே பந்தல் போடச் சொல்லிக் கையால் காட்டினாள். ராஜேஸ்வரி புல்வெளியின் நடுவைக் காட்டினாள். அந்த அம்மாள் தலையை ஆட்டி ஏதோ சொன்னாள், பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"கிரவுண்ட் ஈரமா இருக்கும்னு சொல்றா" என்றார் நித்யாவின் அப்பா. நல்ல மனுஷர், மனைவி பேச்சுக்கு மறுபேச்சு இல்லாதவர். "ஆனா இது எரிமலைச் சாம்பல் மண்ணுதான். சாம்பல்ல எங்க தண்ணி நிக்கும்? வடிஞ்சிரும்."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அடுப்புச் சாம்பலில் தண்ணீர் தேங்கி நான் பார்த்ததில்லை. காடு தோட்டத்திலேயே வளர்ந்தவளாச்சே, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன்னாடியே தெரிந்திருக்கும் என்று பிற்பாடு பலர் பேசிக்கொண்டார்கள். சுத்தப் பொய். எங்கள் ஊர்ச் செம்மண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பார்வைக்கு அந்த இடம் அவ்வளவு அழகு. கணுக்கால் உயரப் புல், நடுநடுவே மஞ்சளும் ஊதாவுமாகப் பூ. கொசு மட்டும் நம்மூர்க் கொசுவுக்குப் பெரியப்பன் சைஸில் இருந்தது.

சாயங்காலம் தனியாகக் கொஞ்சம் நடந்தேன். ஓரத்தில் ஓடை ஒன்று. அதன் பக்கத்தில் கால் வைத்ததும் தரை பஞ்சு மெத்தை போல் அமுங்கியது. மேலே கெட்டியாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் கெட்டியெல்லாம் கூழாகிவிட்டது. காலை உருவினேன், கால் வந்தது, செருப்பு வரவில்லை. ஓடைக்கரை என்றால் சேறாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒற்றைச் செருப்போடு போய் ராஜேஸ்வரியின் முன்னால் நின்று, "வழுக்கிட்டேனுங்க" என்று சொல்வதா? என்னால் முடியாது. மீதிச் செருப்பையும் தூர எறிந்துவிட்டு வெறுங்காலோடு விடுதிக்கு வந்தேன்.

மறுநாள் சூரியன் வரும்போது முகூர்த்தம். புல்லின் மேல் உறைபனி உப்பு தூவினது போல் கிடந்தது. தரை கல்லாக இருந்தது. ஐயர் மங்கி கேப் போட்டு, வேஷ்டிக்குக் கீழே காலுறையும் போட்டிருந்தார். புல்வெளி நடுவில் வாடகைக்கு எடுத்த வெள்ளைப் பந்தல். அதன் ஈசான மூலையில் முகூர்த்தக்கால் நடக் குழி. என்னை எங்கே உட்காரவைத்தார்கள் தெரியுமா? பந்தலுக்குப் பின்னால், வந்தவர்கள் செருப்பு விட்ட இடத்தில், பைன் மரத்தடியில் ஒரு கல்மேடு இருந்தது. அங்கே ஒரு மடக்கு நாற்காலி. எனக்குத் துணையாகக் கேமராப் பெட்டி, பாத்திரம், எல்லோருடைய செருப்பும்.

கால் நட்டார்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சுமங்கலிகள் சுற்றிவந்து காலுக்குப் பாலும் தண்ணீரும் ஊற்ற வேண்டும். எங்கிருந்தெல்லாமோ வந்திருந்த பட்டுப்புடவைக்காரிகள் வரிசையில் நின்று, சொம்பு சொம்பாக ஊற்றினார்கள். அமெரிக்காவில் நடக்கும் கல்யாணம், எதிலும் குறை வைக்கக்கூடாது என்று ராஜேஸ்வரி இரண்டாம் சுற்றும் ஊற்றச் சொன்னாள். ஊற்றி, சுற்றி, குலவையிட்டு, மறுபடி சுற்றினார்கள். அதற்குள் மலைக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்தது. உறைபனி இளகியது.

முதலில் நட்ட முகூர்த்தக்கால் கொஞ்சம் சாய்ந்தது. ராஜேஸ்வரி அதைப் பிடித்து நிமிர்த்தப் போனாள். நிமிர்த்துகிற வேகத்தில் அவளுடைய இடது கால் உள்ளே போயிற்று. "ஐயோ!" என்று வலதை ஊன்றினாள், அதுவும் போயிற்று. மாம்பழக் கலர் காஞ்சிபுரம் பட்டின் கரை கறுப்புக் கூழில் மிதந்தது. பிடித்து இழுக்கப் போனவர்களும் ஒவ்வொருவராக நட்டுவைத்த நாற்றுப் போல நின்றார்கள். அவர்கள் சுற்றிச்சுற்றி மிதித்த இடமெல்லாம் களி.

"ஓ மை காட், அம்மா இஸ் சிங்க்கிங்!" என்று கத்தினாள் நித்யாவின் தங்கை.

"அசையாதீங்கோ! யாரும் அசையாதீங்கோ!" என்றார் ஐயர். சொல்லிவிட்டு அவர்தான் முதலில் ஓடினார். அக்னிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரிந்த கெட்டித்தரை எதுவோ அங்கே வந்து நின்றார். என் கல்மேடு. "இங்க வாங்கோ எல்லாரும், இது பாறை மாதிரி இருக்கு! முகூர்த்தம் போயிண்டிருக்கு!"

பாயை என் காலடியில் விரித்தார்கள். செருப்புகளைக் காலால் ஒதுக்கினார்கள். என் மகனும் நித்யாவும் பந்தலின் காய்ந்த பக்கமாகச் சுற்றி ஓடிவந்து உட்கார்ந்தார்கள். தாலித் தட்டோடு நியூ ஜெர்சி நாத்தனார் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாள். தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அடுத்தவளிடம் கொடுக்க, அடுத்தவள் அதற்கடுத்தவளிடம் நீட்ட, கடைசியில் தட்டு கரைசேர்ந்தது என் கையில்தான்.

நான் ராஜேஸ்வரியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"சம்பந்திம்மா, அதை..." என்றாள்.

"சொல்லுங்க சம்பந்தி."

சேறு வாய் வரை வராவிட்டாலும் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஏன் எழ வேண்டும்? என்னை அங்கே உட்காரவைத்தவர்கள் அவர்கள். தாலியை எடுத்து நீட்டினேன். என் மகன் குனிந்து வாங்கினான். கொட்டிச் சத்தம் எழுப்ப மேளமில்லை, டேப் ரிக்கார்டரும் சேற்றில். குலவையிட வேண்டியவர்கள் நின்ற இடத்திலிருந்தே இட்டார்கள், பாதிப் பேருக்கு அழுகையாக வந்தது.

பிறகு வெள்ளைக்கார அம்மாள் பலகைகளோடு வந்து ஒவ்வொருவராக வெளியே எடுத்தாள். அவள் சொன்னதை நித்யாவின் தங்கை எனக்குச் சொன்னாள். "ஆன்ட்டி, வால்கேனோ ஆஷ்தானாம். பட் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணிய உள்ள வெச்சுக்குமாம். கீழ ஹார்டா ஒரு லேயர். ஸ்நோ மெல்ட் ஆனா போக இடமே இல்லையாம். ஸ்டெப் பண்ணா சூப் ஆயிடுமாம்." எனக்கு அந்த மண்ணை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மேலே பூவைப் பூத்துக் காட்டிக்கொண்டு, உள்ளுக்குள் எல்லாத் தண்ணீரையும் வைத்துக்கொண்டிருந்த மண். மிதித்தபோதுதான் காட்டியது. நானும் அப்படித்தானே ஒரு வாரம் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

வீடியோக்காரன் புத்திசாலி, ஓடாமல் எல்லாவற்றையும் எடுத்திருந்தான். ராஜேஸ்வரி எங்கள் அபார்ட்மென்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கேசட்டைப் போடுவேன். "கல்யாணம் பாக்கலாமுங்களா சம்பந்தி?" என்பேன். மருமகளுக்கு முகம் சுருங்கும். குமார், "அம்மா, போதும்" என்பான். எனக்குப் போதாது. காபியை மட்டும் டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுப்பேன். மரியாதையில் நான் குறை வைப்பதில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் பேரனுக்குக் காது குத்தினோம். அதற்கு முந்தின வருஷம் நித்யாவின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். நான் அழுதேன், அவருக்காக. காதுகுத்து அன்று ராஜேஸ்வரி யாரும் சொல்லாமலே கடைசி வரிசையில், கோட்டு மாட்டும் அலமாரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் முன்வரிசையிலிருந்து எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இங்கிருந்து நல்லாத் தெரியுதுங்களா, சம்பந்தி?"

"மறைக்குது" என்றாள். என் பக்கம் திரும்பி, "நீங்க அன்னிக்கு எப்படிப் பாத்தீங்க?"

"நான் எங்க பாத்தேன்? நீங்கல்லாம்தான எங்கிட்ட வந்தீங்க."

தொடையில் கிள்ளினாள். சும்மா கிள்ளவில்லை, கன்றிப்போகும்படி. அப்போது நித்யா முன்னாலிருந்து, "அம்மா, நீங்க வாங்க, தலையைப் பிடிங்க" என்று கூப்பிட்டாள். ராஜேஸ்வரி எழப்போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னுங் கொஞ்சம் உக்காருங்க. எப்படி இருக்குதுன்னு பாருங்க."

உட்கார்ந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் திரள்கிற வரைக்கும் பிடித்திருந்தேன். அப்புறம் விட்டேன். அவள் போய்க் குழந்தையின் தலையைப் பிடித்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களை நான் ஒரு கை பார்த்திருப்பேன். என் சண்டை அவளோடுதான், மற்றவர்கள் அதில் நுழையக்கூடாது.

இரண்டு வருஷம் முன்னால் அவளும் போய்ச்சேர்ந்தாள். மன்னிப்பென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, வைத்துக்கொடுக்க என்னிடம் மன்னிப்பு இருக்கவும் இல்லை. போன கோடையில் பேத்தி என்னை அந்த மலைக்குக் கூட்டிப்போனாள். விடுதி காட்டுத்தீயில் போய்விட்டது. பனி முன்பு போல் விழுவதில்லையாம், புல்வெளி காய்ந்து அதில் பைன் கன்றுகள் நெருக்கமாக எழும்பிவிட்டன. நடுவரைக்கும் நடந்தேன். செருப்பில் தூசி படிந்தது.

"ஆர் யூ ஷ்யூர் பாட்டி? இங்க ஸ்வாம்பா?" என்று பேத்தி சிரித்தாள். வீட்டுக்கு வந்து குமாரைக் கேட்டால், "நான் எங்கம்மா கீழ பாத்தேன், எனக்கு ஞாபகமில்ல" என்கிறான். மருமகள், "கொஞ்சம் ஈரம் அத்தை, அவ்வளவுதான்" என்கிறாள். கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது, போட்டுப் பார்க்க மிஷினும் யாரிடமும் இல்லை.

சம்பந்தியம்மாளுக்குச் சேற்றில் முழங்கால் வரைக்கும் போனது. நான் அப்படிச் சொல்லும்போதெல்லாம், "பொய் சொல்லாதீங்க, கணுக்கால்தான்" என்று சண்டைக்கு வருவாள் ராஜேஸ்வரி. இப்போது யாரும் வருவதில்லை. நான் முழங்கால் என்றால், சரி பாட்டி, முழங்கால் என்கிறார்கள்.