சுல்தானின் காசுக்குப் புளி போட்ட கதை

சோம்பலில் இதை எழுதாமலே விட்டிருப்பேன். தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில் வயதான சின்யோரா, அதாவது வீட்டு அம்மா, ஒருவரின் வீட்டைத் துப்புரவாக்குவது என் வேலை. அவருடைய காலஞ்சென்ற கணவர் சேர்த்த டெல்லியை ஆண்ட துக்ளக் சுல்தானின் பித்தளை நாணயங்கள் அலுமாரியில் கறுத்துக் கிடந்தன. வெள்ளிக்கிழமை விளக்கு மினுக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிட்டு, பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

சின்யோரா பார்த்ததும் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார். பழங்காசின் கறுப்புப் போனால் மதிப்பும் போய்விடுமாம். வேலை போச்சு என்று தலையைக் குனிந்தேன். ஒரு காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் மெல்லச் சிரித்தார்.

“இந்தப் பித்தளையை வெள்ளியெண்டு வாங்கச் சொன்னவர் சுல்தான். சனம் நம்பேல்லை. நீ மினுக்கிக் குடுத்திருந்தால் தங்கமெண்டே நம்பியிருக்கும்.”

வேலை போகவில்லை, அலுமாரிக்குத்தான் பூட்டு வந்தது. கெட்டிக்காரத்தனம் காட்டமுன் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அன்று விளங்கியது. இன்னொரு வீட்டில் இதே வேலை செய்த அறைத்தோழன் ரவியிடம் சொன்னேன்.

“நல்லது மச்சான், என்ரை சின்யோரா வீட்டுப் பக்கம் மட்டும் வந்திடாதை.”